இதயத்தில் பம்பு வைத்தவருக்கு ரத்தம் ஏன் உறைகிறது, ஏன் கசிகிறது?

இதயத்துக்கு பம்பு வைத்த ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் சொந்தக்காரர்களிடம் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். "மெஷினே வச்சாச்சு, இனி ஹார்ட்டைப் பத்திக் கவலையில்ல" என்பது முதலாவது. ஆறு மாதம் கழித்து அவரை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தால், "பம்புல ரத்தம் கட்டிக்கிச்சாம், மாத்திரைய ஒழுங்கா போட்டிருக்க மாட்டாரு" என்பது இரண்டாவது. முதலாவது தவறு. இரண்டாவது தவறு மட்டுமல்ல, கொடுமையும்கூட. வேளை தவறாமல் மாத்திரை போட்டவருக்கும் பம்பில் ரத்தம் உறையலாம். அதே மாத்திரையை அதே அளவில் எடுத்துவரும் இன்னொருவருக்குக் குடலில் ரத்தம் கசியலாம். சிலருக்கு இரண்டும் ஒரே வருடத்தில் நடக்கும்.

ஒன்றுக்கொன்று நேரெதிரான இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரே பம்பு எப்படி உண்டாக்குகிறது என்பதுதான் இங்கே விஷயம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எந்த பம்பு?

பேஸ்மேக்கரும் ஸ்டென்ட்டும் செயற்கை வால்வும் வேறு. இங்கே பேசுவது இடது கீழறைத் துணை பம்பு பற்றி. டாக்டர்கள் எல்.வி.ஏ.டி. என்பார்கள். உடம்பு முழுக்க ரத்தத்தைத் தள்ளும் வேலை இதயத்தின் இடது கீழறைக்கு. அது தளர்ந்து, மருந்துக்கும் கட்டுப்படாத நிலையில், இதயத்தின் நுனியில் துளை போட்டு இந்தச் சின்ன பம்பைப் பொருத்துவார்கள். கீழறையில் இருந்து ரத்தத்தை இழுத்து, ஒரு குழாய் வழியாக மகாதமனியில் சேர்ப்பது இதன் வேலை. இதயத்தை வெளியே எடுப்பதில்லை. அது உள்ளேயே தன்னால் முடிந்தவரை துடித்துக்கொண்டிருக்கும். பம்பிலிருந்து ஒரு வயர் வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும். அதன் முனையில் கன்ட்ரோலரும் பேட்டரிகளும்.

மாற்று இதயமே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். சென்னைக்கு அது புதிதல்ல. 2014 ஜூனில், சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையில் இருந்து அடையாறுக்கு, சிக்னல்களை எல்லாம் நிறுத்தி, 14 நிமிடத்துக்குள் ஓர் இதயத்தைக் கொண்டுபோன ஊர் இது. ஆனால் தானமாகக் கிடைக்கும் இதயங்கள் குறைவு, காத்திருப்போர் அதிகம். வயது, நுரையீரல் ரத்த அழுத்தம், வேறு நோய்கள் காரணமாகச் சிலருக்கு மாற்று இதயம் பொருந்தாது. இதயம் கிடைக்கும்வரை சிலருக்கும், ஆயுள் முழுக்கச் சிலருக்கும் பம்பு ஓடுகிறது. 2001-ல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் எடுத்த கடுமையான இதயச் செயலிழப்பு நோயாளிகளில் ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர். பம்பு வைத்தவர்களில் 52 பேர். அதுவும் இன்றைய பம்புகளோடு ஒப்பிட்டால் மிகப் பழைய மாடலில். சிக்கல்கள் இருக்கும் என்று தெரிந்தே இதற்குச் சம்மதிப்பது இதனால்தான்.

சம்ப் மோட்டார் வரை ஒத்துப்போகும்

நம் அடுக்ககங்களில் சம்ப்பில் இருந்து மாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுழலும் தகடு ஒன்று. அதில் நாரோ குப்பையோ சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறும், சத்தம் மாறும், சூடேறும், கரண்ட் அதிகம் இழுக்கும். பிளம்பர் வந்து மீட்டரை மாட்டி "ஆம்ஸ் ஏறுது சார்" என்பார். சம்ப்பில் தண்ணீர் இல்லாவிட்டால் வேறு பிரச்சினை. மேலே போகும் பைப் அடைத்துக்கொண்டால் இன்னொரு பிரச்சினை. இதய பம்பும் சுழலும் தகடு வைத்த மோட்டார்தான். உள்ளே வரும் ரத்தம் குறையலாம், தகட்டில் எதுவும் சிக்கலாம், வெளியே போகும் குழாய் அடைபடலாம். கோளாறு வரக்கூடிய இடங்கள் இந்த மூன்றும்தான்.

ஆனால் தண்ணீருக்கு மோட்டார் எந்தக் கம்பெனி, உள்ளே என்ன உலோகம் என்ற அக்கறை கிடையாது. ரத்தத்துக்கு உண்டு. தான் தொடும் பரப்பை அது சோதிக்கும், வேகத்தை உணரும், எங்கோ காயம் என்று நினைத்தால் உடனே அடைக்கப் பார்க்கும். மோட்டார் உதாரணம் இதற்கு மேல் உதவாது.

ரத்தம் எப்படி உறைகிறது?

வெங்காயம் நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிட்டது. முதலில் ரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் அந்த இடத்தில் ஒட்டும். டெங்கு சமயத்தில் ரிப்போர்ட்டில் தேடுவோமே, அந்த பிளேட்லெட்தான் தட்டணு. அடுத்து, ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த உறைபுரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டிவிட்டு, கடைசியில் திராம்பின் என்ற நொதியை உண்டாக்கும். திராம்பின் ஃபைப்ரின் என்ற நூல் போன்ற புரதத்தை நெய்யும். தட்டணுக்களும் ஃபைப்ரின் வலையும் சேர்ந்ததுதான் ரத்தக்கட்டி. விரலில் உண்டானால் நல்லது. பம்புக்குள் உண்டானால் ஆபத்து.

காயமே இல்லாத இடத்தில் ரத்தம் எப்போது உறையும்? 1856-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்கோ இதை ஆராய்ந்தார். அவர் பெயரால் இன்றும் சொல்லப்படும் விதி இது: ரத்தம் தேங்கினால் உறையும், ரத்தம் படும் பரப்பு கெட்டால் உறையும், ரத்தமே உறையத் துடிக்கும் நிலையில் இருந்தாலும் உறையும். ஒன்று இருந்தாலே போதும். பம்பு வைத்தவர் உடம்பில் மூன்றும் இருக்கின்றன.

பரப்பில் தொடங்குவோம். நம் ரத்தக்குழாயின் உட்சுவர் உயிருள்ள செல்களால் ஆனது. உறைதலைத் தடுக்கும் பொருட்களை அது தானே சுரந்துகொண்டிருக்கும். பம்புக்குள் இருப்பது டைட்டானியம். எவ்வளவு வழவழப்பாகச் செய்தாலும் ரத்தம் அதை அந்நியமாகத்தான் பார்க்கும். ஹார்ட்மேட் வகை பம்புகளில் ரத்தம் படும் சில இடங்களை நுண்ணிய டைட்டானிய உருண்டைகளால் வேண்டுமென்றே சொரசொரப்பாக்கியிருப்பார்கள். ரத்தத்தில் உள்ள புரதமும் செல்களும் அதில் மெல்லிய படலமாகப் படிந்து, உலோகத்தை மறைத்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு.

அடுத்தது தேக்கம். பலவீனமான இதயம் முழுதாகச் சுருங்காது. கீழறையின் மூலைகளில் ரத்தம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மகாதமனி வால்வின் நிலை இன்னும் மோசம். ரத்தமெல்லாம் பம்பு வழியாகவே போய்விடுவதால் அந்த வால்வு சிலருக்கு எப்போதாவதுதான் திறக்கும். அதன் மேற்புறத்துக் குழிகளில் ரத்தம் அசையாமல் நிற்கும்.

மூன்றாவது ரத்தத்தின் நிலை. பெரிய அறுவை சிகிச்சை, வயர் வெளியேறும் இடத்தில் வரும் கிருமித்தொற்று, பம்பின் வேகத்தில் உடையும் சிவப்பணுக்கள் எல்லாமே ரத்தத்தை உறையும் பக்கம் தள்ளுகின்றன. வயிற்றுத் தோல் டிரெஸ்ஸிங்கை நர்ஸ் அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதற்குச் சீழ் மட்டும் காரணம் இல்லை. தொற்று வந்தவர்களுக்குப் பக்கவாத அபாயமும் கூடுகிறது.

சுருக்கமாக இதுவரை: ரத்தக்கட்டி என்பது தட்டணுவும் ஃபைப்ரினும் சேர்ந்தது. தேக்கம், அந்நியப் பரப்பு, தூண்டப்பட்ட ரத்தம் என்ற மூன்றும் பம்பு வைத்தவருக்கு ஒன்றாக வாய்க்கின்றன. மாத்திரையை மறப்பது இந்தக் கணக்கில் ஒரு பகுதிதான்.

கன்ட்ரோலர் என்ன சொல்கிறது?

கன்ட்ரோலர் திரையைக் கவனித்துப் பார்த்தால் பல விஷயம் விளங்கும். நிமிடத்துக்கு 5,400 சுற்று, 4.5 லிட்டர், 4 வாட் என்ற மாதிரி எண்கள் மாறி மாறி வரும். முதலாவது வேகம், இரண்டாவது ரத்த ஓட்டம், மூன்றாவது பம்பு இழுக்கும் மின்சாரம். வேகத்தை டாக்டர் நிர்ணயித்துவிடுவார். அது அநேகமாக அப்படியே இருக்கும். குடும்பத்தார் பார்ப்பது லிட்டர் கணக்கை. "இன்னைக்கு 6 காட்டுது, நல்லா ஓடுது" என்று நிம்மதியடைவதும் உண்டு.

அங்கேதான் சிக்கல். பம்புக்குள் ரத்த ஓட்டத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. எவ்வளவு வேகத்துக்கு எவ்வளவு வாட் இழுக்கிறது என்பதை வைத்து, ஓட்டம் இவ்வளவு இருக்கும் என்று கன்ட்ரோலர் கணக்குப் போட்டுச் சொல்கிறது. தகட்டில் ரத்தக்கட்டி ஒட்டினால் அதையும் சேர்த்துச் சுழற்ற பம்பு அதிக மின்சாரம் இழுக்கும். வாட் ஏறியதைப் பார்த்து, ஓட்டமும் கூடிவிட்டது என்று கன்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். திரையில் எண் ஏறும். உடம்புக்குப் போகும் ரத்தம் குறையும். வெளியேறும் குழாயில் அடைப்பு என்றால் கதை தலைகீழ்: பம்பு தள்ளும் ரத்தம் குறைவதால் வாட் இறங்கும், ஓட்டம் குறைவு என்று அலாரம் அடிக்கும். ஒரு நாளின் எண்ணைவிட, வழக்கமான அளவில் இருந்து அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம். தினமும் நோட்டில் எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

உடம்பும் அறிகுறி காட்டும். கட்டியை உரசிப் போகும் சிவப்பணுக்கள் நசுங்கி உடைவதால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்துக்கு மாறும். ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எச். என்ற நொதி ஏறும். வெளியில் ஒன்றும் தெரிவதற்கு முன்பே, சில வாரங்கள் முன்னதாகக்கூட அது ஏறத் தொடங்குவது உண்டு. மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் திரும்ப வரும். கட்டியில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். பம்பில் அடைப்பு உறுதியானால் ஆஸ்பத்திரியில் சேர்த்து உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஊசி வழியே கொடுப்பார்கள். போதாவிட்டால் மறு அறுவை சிகிச்சை செய்து பம்பையே மாற்ற வேண்டிவரும்.

மாத்திரையும் ஆடிக் கூழும்

"ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை" என்று எல்லோரும் சொல்வார்கள். ரத்தத்தின் அடர்த்தியை அது தொடுவதே இல்லை. வார்ஃபரினும், நம் ஊரில் அசிட்ராம் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த அசினோகூமராலும் வேலை செய்யும் இடம் கல்லீரல். உறைபுரதங்களில் நான்கைத் தயாரிக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினை உடம்பு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை இந்த மாத்திரை தடுக்கிறது. புதிய புரதம் குறைவாகத் தயாராகும், உறைய நேரமாகும்.

எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது ஐ.என்.ஆர். சோதனை. மாத்திரை எடுக்காதவருக்கு அது ஏறக்குறைய 1. பம்பு வைத்தவருக்குப் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீழே போனால் உறையும், மேலே போனால் கசியும். இன்று மாத்திரையைக் கூட்டினால் நாளைக்கே எண் முழுதாக மாறிவிடாது. ஏற்கெனவே ரத்தத்தில் சுற்றும் புரதங்கள் தீர வேண்டும். சிலவற்றுக்கு மூன்று நாளுக்கும் மேல் ஆகும். "நேத்துதான் கூட்டினாங்க, இன்னும் ஏறலையே" என்று தாங்களாகவே இன்னொரு அரை மாத்திரை போட்டுக்கொள்பவர்கள் அடுத்த வாரம் 5-ல் போய் நிற்பது இதனால்தான்.

வைட்டமின் கே எதில் இருக்கிறது? கீரையில். அதற்காகக் கீரையே ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொல்வது தேவையில்லாத பயம். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதைவிட, அளவு திடீரென்று மாறுவதுதான் தொல்லை. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுபவருக்கு அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் அமைத்திருப்பார். ஆடி மாதம் வந்து, தெருமுனை அம்மன் கோயிலில் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் வாராவாரம் இலை நிறையக் கிடைத்தால் ஐ.என்.ஆர். இறங்கலாம். ஆடி முடிந்து கீரையே இல்லாத வாரங்களில், கூட்டிய மாத்திரை அப்படியே தொடர்ந்தால் ஏறலாம். கூழ் குடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு சோதனை கூடுதலாக எடுப்பார்கள், அவ்வளவுதான்.

கீரையைவிட எனக்குப் பெரிய கவலை மெடிக்கல் ஷாப்தான். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றும். டி.பி. சிகிச்சையில் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கும். மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் எண்ணை மாற்றாவிட்டாலும் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். நாட்டு மருந்துப் பொடிகளில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே பல நேரம் தெரியாது.

கசிவு எங்கிருந்து வருகிறது?

"ரத்தம் கசிஞ்சா மாத்திரை ஓவராயிடுச்சுன்னு அர்த்தம்" என்பது அடுத்த நம்பிக்கை. ஐ.என்.ஆர். 2.3-ல் ஒழுங்காக இருப்பவருக்கும் குடலில் கசியும்.

வான் வில்பிரான்ட் காரணி என்று ரத்தத்தில் ஒரு நீளமான புரதம் உண்டு. சாதாரணமாகச் சுருண்டு கிடக்கும். ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் நீண்டு, தட்டணுக்களைப் பிடித்து ஒட்டவைக்கும். எவ்வளவு நீளமோ அவ்வளவு பிடிப்பு. பம்புக்குள் சுழலும் தகட்டுக்கு அருகே ரத்தம் படும் இழுவிசையில் இந்தப் புரதம் காயமே இல்லாமல் நீண்டுவிடுகிறது. நீண்டதை வெட்டுவதற்கென்றே ரத்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. அது தன் வேலையைச் செய்துவிடும். ரத்தம் நாள் முழுக்கப் பம்புக்குள் போய்வருவதால் நீளமான இழைகளெல்லாம் துண்டாகி, குட்டையானவை மட்டும் மிஞ்சும். பம்பு வைத்த அநேகமாக எல்லோருக்கும் இந்தக் குறை வருகிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. துடிப்பு குறைந்து, ஒரே சீராக ஓடும் ரத்தத்தால் குடல் சுவரில் மெலிந்த, எளிதில் கிழியும் சிறு குழாய்கள் உருவாகின்றன. கிழிந்த இடத்தை அடைக்க நீண்ட இழை இல்லை; மேலே மாத்திரை வேறு. மலம் தார் போலக் கறுத்துப் போகும். காரணம் தெரியாத களைப்பு வரும். கசிவை நிறுத்த மாத்திரையை நிறுத்தினால் பம்பு உறையும் பக்கம் சாய்கிறது. டாக்டர்கள் சில நாட்களுக்கு மாத்திரையை நிறுத்தி, திரும்ப எப்போது தொடங்குவது என்று தவிப்பதற்குக் காரணம் இதுதான். அவர்களுக்கும் அது எளிதான முடிவு இல்லை.

மறுபடி சுருக்கமாக: பம்பின் பரப்பும் தேக்கமும் ரத்தத்தை உறைய வைக்கின்றன, பம்பின் இழுவிசை உறையும் திறனில் ஒரு பகுதியைப் பறிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. மாத்திரை முதலாவதை மட்டும்தான் கவனிக்கும்.

புதிய பம்பு மாற்றியது என்ன?

ஹார்ட்மேட் 2 என்ற பழைய மாடலில் தகடு இரு முனைகளிலும் தாங்கிகளில் பொருந்திச் சுழலும். உரசும் இடத்தில் சூடும், சின்னத் தேக்கமும். அமெரிக்காவின் மூன்று மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2014-ல் வெளியான ஆய்வு ஒன்று மருத்துவர்களைக் கலங்கவைத்தது: பொருத்திய மூன்று மாதத்துக்குள் பம்பில் ரத்தம் உறைவது 2.2 சதவீதத்தில் இருந்து 2013 தொடக்கத்தில் 8.4 சதவீதமாக ஏறியிருந்தது. ஹார்ட்வேர் என்ற இன்னொரு பம்பின் விற்பனை 2021 ஜூனில் நிறுத்தப்பட்டது. பக்கவாதம் போன்ற நரம்பியல் பாதிப்புகள் அதில் அதிகம் என்பதும், நின்ற பம்பு திரும்ப ஓடாமல் போனதும் காரணங்கள்.

ஹார்ட்மேட் 3-ல் தகடு எதையும் தொடாமல் காந்தவிசையில் மிதக்கிறது. இடைவெளிகள் அகலம், சிவப்பணு நசுங்குவது குறைவு. இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகத்தைத் தானே மாற்றி, உள்ளே தேங்குவதைக் கலைத்துவிடும். 2019-ல் வெளியான இரண்டாண்டு முடிவுகளின்படி, பம்பில் ரத்தம் உறைந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் ஹார்ட்மேட் 2-ல் 13.9 சதவீதம், ஹார்ட்மேட் 3-ல் 1.4 சதவீதம். பக்கவாதம் 19.4-ல் இருந்து 9.9 ஆனது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கீழறைக்குள் உறைந்து பம்புக்குள் இழுபடும் கட்டியையும், வெளியேறும் குழாயில் வரும் முறுக்கலையும் அழுத்தலையும் காந்தத்தால் தடுக்க முடியாது.

ஆஸ்பிரின் விஷயத்திலும் மாற்றம் வந்தது. பல வருடமாக வார்ஃபரினோடு ஆஸ்பிரினும் சேர்த்தே கொடுத்து வந்தார்கள். ஹார்ட்மேட் 3 வைத்தவர்களில் பாதிப் பேருக்கு ஆஸ்பிரினும் மீதிப் பேருக்கு அதைப் போலவே இருக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2023-ல் வெளியானது. ஆஸ்பிரின் இல்லாதவர்களுக்கு உறைதல் கூடவில்லை. பெரிய ரத்தக்கசிவுகள் 34 சதவீதம் குறைந்தன. இது இந்த ஒரு மாடலுக்கான முடிவு. ஸ்டென்ட் போன்ற வேறு காரணத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் இதைப் பார்த்து நிறுத்தக் கூடாது.

சென்னையில் இருந்துகொண்டு கவனிக்க வேண்டியவை

பம்பு வைத்தவர் மயங்கி விழுந்தால், கையைப் பிடித்துப் பார்ப்பவருக்கு நாடி கிடைக்காமல் போகலாம், பி.பி. மெஷின் எர்ரர் காட்டலாம். அதனால் உயிரில்லை என்று ஆகிவிடாது. 108-க்குப் போன் செய்யும்போதே இதய பம்பு வைத்தவர் என்று சொல்லிவிட வேண்டும். மாற்று பேட்டரியும் கன்ட்ரோலரும் உள்ள பை அவரோடு ஆம்புலன்ஸில் ஏற வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது எதுவாக இருந்தாலும் அது உறைதலா கசிவா என்று ஸ்கேன்தான் சொல்லும். வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினை வாயில் போட்டுவிடாதீர்கள்.

கரண்ட் போனால் பேட்டரி இருக்கிறது என்ற தெம்பு சரிதான், அது சார்ஜில் இருந்தால். பம்பு நின்றால் உடம்புக்குப் போகும் ரத்தம் குறைவது ஒருபுறம். நின்ற பம்புக்குள் ரத்தம் உறையத் தொடங்குவதும், பிறகு ஓடவிட்டால் அந்தக் கட்டி கிளம்பிப் போவதும் இன்னொருபுறம்.

கத்திரி வெயிலில் நீர் மாத்திரையும் போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டினால் கீழறையில் ரத்தம் குறைந்து, பம்பு சுவரையே உறிஞ்சப் பார்க்கும், ஓட்டம் தடுமாறும். அறுவைக்கு முன்பு "தண்ணியக் குறைச்சுக் குடிங்க" என்று சொன்னதையே இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவு இப்போதும் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் டெங்கு வந்தால் நிலைமை மிகவும் நுணுக்கமாகிவிடும். தட்டணு இறங்கும்போது வழக்கமான மாத்திரை கசிவைக் கொண்டுவரலாம். பயந்து தானாக நிறுத்தினால் பம்பு உறையலாம். பக்கத்துத் தெரு கிளினிக்கில் போடும் இடுப்பு ஊசிகூட தசைக்குள் ரத்தம் கட்ட வைக்கும். காய்ச்சல் கண்ட அன்றே பம்பு வைத்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, கடைசி ஐ.என்.ஆர். எண்ணையும் அதை எடுத்த தேதியையும், திரையில் அன்றைக்குத் தெரியும் வாட் கணக்கையும் சொல்லுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது, அன்றிரவு மாத்திரை போடலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.